பின்பால் இயந்திரங்களின் காப்பு மின்கலம்

பின்பால் என்பது சாய்தளத்தில் எஃகுக் குண்டை ஓடவிட்டுப் புள்ளி சேர்க்கும் நாணய விளையாட்டு இயந்திரமாகும். இத்தொழிலின் மையம் அமெரிக்காவின் சிகாகோ நகரம். முன்பு ரிலேக்களும் எண் உருளைகளும் புள்ளிகளைக் கணக்கிட்டன. மின்சாரம் நின்றாலும் உருளைகள் காட்டிய எண் மாறாது. 1970களின் பிற்பகுதியில் பாலி, வில்லியம்ஸ், காட்லீப் நிறுவனங்கள் நுண்செயலிக்கு மாறியபோது இந்நிலை மாறியது.

மின்கலம் வந்த காரணம்

அதிகபட்சப் புள்ளிகள், வசூல் கணக்கு, விளையாட்டு அமைப்புகள் ஆகியவை புதிய சுற்றுப்பலகைகளில் மின்னணு நினைவகத்தில் பதிவாயின. மின்சாரம் நின்றால் அந்நினைவகம் அனைத்தையும் இழந்துவிடும். ஆகவே பாலியும் காட்லீப்பும் தம் தொடக்ககாலப் பலகைகளில் 3.6 வோல்ட் நிக்கல்-காட்மியம் மின்கலத்தைப் பற்றவைத்தன. இயந்திரம் ஓடும்போது அது மின்னேற்றம் பெறும். வில்லியம்ஸ் மூன்று ஏஏ கார மின்கலங்களைப் பலகையிலேயே பொருத்தியது.

கசிவின் விளைவு

சில ஆண்டுகள் உழைத்தால் போதும் என்று செய்யப்பட்ட இயந்திரங்கள் பல, சேகரிப்பாளர்களிடம் பல பத்தாண்டுகள் நீடித்தன. மறக்கப்பட்ட மின்கலங்கள் கசிந்தன. பலகைகள் செங்குத்தாக நிற்பதால் கசிவு கீழிறங்கி, செப்புத் தடங்களையும் சில்லுத் தாங்கிகளையும் அரித்தது. நினைவைக் காக்க வைத்த மலிவான பொருளே பலகையின் முதல் எதிரியானது.

இக்கசிவைப் பலரும் அமிலம் என்பர். உண்மையில் அது பொட்டாசியம் ஐதராக்சைடு என்னும் காரம். எனவே சமையல் சோடா இதற்குப் பயன்படாது. நீர் கலந்த வினிகரே அதை நடுநிலையாக்கும்.

பாதுகாப்பாக மாற்றும் முறை

மாற்றினால் அமைப்புகள் அழியக்கூடும் என்பதால் அவற்றை முதலில் குறித்துக்கொள்ள வேண்டும். பின் இயந்திரத்தை அணைத்து, மின்செருகியைப் பிடுங்கி, கையுறையும் கண்ணாடியும் அணிந்து பழைய மின்கலத்தை அகற்ற வேண்டும். கசிந்த இடத்தை வினிகரால் துலக்கி, நீரால் அலசி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, முழுதும் உலர்ந்த பின்னரே மின்சாரம் தர வேண்டும்.

புதிய மின்கலங்களைப் பலகையில் வைக்காமல், கம்பி நீட்டித் தனிப் பெட்டியில் பலகைக்குக் கீழே வைப்பது நல்லது. மின்னேற்றும் பலகையில் சாதாரண கார அல்லது லித்தியம் மின்கலத்தை இணைப்பதானால், மின்னேற்றத்தைத் தடுக்கும் டையோடு கட்டாயம் தேவை. இல்லையேல் மின்கலம் கசியலாம், வெடிக்கவும் கூடும். காட்மியம் நச்சு என்பதால் பழைய மின்கலம் மின்கழிவு மையத்துக்கே செல்ல வேண்டும்.

இன்று மின்சாரமின்றியே தகவலைக் காக்கும் நினைவகச் சில்லுகள் கிடைக்கின்றன. அவற்றைப் பொருத்தினால் மின்கலமே தேவையில்லை.