நினைவுள்ள உலோகமும் மறக்கப்பட்ட கைகளும்

திருப்பூர் என்றதும் பனியன் நினைவுக்கு வரும். அதை ஒட்டிய அனுப்பர்பாளையத்திலோ கேட்கும் ஓசை வேறு: சுத்தியல் ஓசை! செம்பும் பித்தளையும் குடமாக, அண்டாவாக உருப்பெறும் ஊர் அது.

அங்குள்ள பாத்திரத் தொழிலாளியைக் கேளுங்கள். அடிக்க அடிக்கப் பித்தளை இறுகும்; மேலும் அடித்தால் வெடிக்கும்; காய்ச்சினால் மீண்டும் இளகும் என்பார். வெப்பம் உலோகத்தின் உள்ளமைப்பை மாற்றுகிறது என்னும் பேருண்மை அவர் கைக்குத் தெரியும். ஏன் மாறுகிறது? அந்தக் கேள்வியைத் தொடர அவருக்குப் பள்ளியுமில்லை, கருவியுமில்லை.

தொடர்ந்தவர் எவர்? 1932இல் சுவீடன் நாட்டு ஓலாண்டர், தங்கமும் காட்மியமும் கலந்த உலோகத்தில் வியத்தகு இயல்பொன்றைக் கண்டார். 1938இல் கிரெனிங்கரும் மூராடியனும், துத்தநாகம் மிகுந்த பித்தளையில், குளிரும்போது தோன்றிச் சூட்டில் மறையும் உள்ளமைப்பைக் கண்டனர். ஆம், தோழர்களே, பித்தளையில்! பின்னர் அமெரிக்கக் கடற்படை ஆய்வுக்கூடத்தில் பியூலர், நிக்கலையும் டைட்டானியத்தையும் கலந்து ‘நிட்டினால்’ படைத்தார். 1960களின் தொடக்கத்தில், கூட்டமொன்றில், மடித்து நெளித்த அதன் தகட்டுக்கு ஒருவர் விளையாட்டாகச் சூடு காட்டினார். தகடு பழைய வடிவுக்கே நிமிர்ந்தது!

மாயமா? மந்திரமா? இல்லை. குளிரில் ஒருவகையாகவும் சூட்டில் வேறுவகையாகவும் அணுக்கள் அணிவகுக்கின்றன. வளைத்தாலும் தம் அண்டை அணுவை அவை இழப்பதில்லை. அவ்வளவே.

இவ்வுலோகம் எலும்புக்கு உதவ வந்த கதை இன்னும் சுவையானது. கெட்டியான உலோகம் எலும்பைவிடப் பன்மடங்கு விறைப்பானது. சுமையை அதுவே தாங்கிக்கொள்ள, வேலையற்ற எலும்பு நலியும். ஆகவே துளைகள் நிறைந்த உலோகம் தேவை. நிக்கல் தூளையும் டைட்டானியத் தூளையும் ஏறத்தாழச் சம எண்ணிக்கை அணுக்கள் அமையக் கலந்து, அழுத்தி, காற்றில்லா உலையில் முழுதும் உருகிவிடாத வெப்பத்தில் வைப்பர். துகள்கள் தொடுமிடங்களில் அணுக்கள் ஊடுருவி இணையும். இடைவெளிகள் துளைகளாக நிற்கும். இதற்குச் சின்டரிங் என்று பெயர். உப்புத் தூள் சேர்த்துப் பின்னர் கரைத்து நீக்கினால், துளையின் அளவையும் நாமே வகுக்கலாம். மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு முதல் பாதி வரையுள்ள துளைகளில் எலும்பு புகுந்து வளரும். சோவியத் நாட்டின் தோம்ஸ்க் நகர ஆய்வாளர்கள், தூளைப் பற்றவைத்துத் தானே எரிந்து இணையச் செய்யும் முறையில் இதை உருவாக்கி, 1980களில் மருத்துவத்துக்குக் கொண்டுவந்தனர்.

குறையில்லையா? உண்டு. இணையாத நிக்கல் கசிந்தால் உடலுக்குக் கேடு. அறிவியல் அதை மறைப்பதில்லை, அளந்து, திருத்துகிறது.

திருப்பூரைத் தொட்டோடும் நொய்யலின் கரையில், கீழ்த்திசையில், கொடுமணல் உள்ளது. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் இரும்பு உருக்கிய உலைகளை அங்கே அகழ்ந்து கண்டனர். உலை இருந்தது, கை இருந்தது, திறன் இருந்தது. பின் ஏன் பித்தளையின் மறைபொருளை நாம் காணவில்லை? உழைக்கும் கைக்கு ஏட்டை மறுத்தோம்; ஏடு படித்தவன் கரியைத் தொடுவதை இழிவென்றோம். கையும் கேள்வியும் சந்திக்கவே விடவில்லை, பிறப்பின் பேரால்!

சூடு பட்டால் பழைய வடிவுக்குத் திரும்புவது உலோகத்துக்குப் பெருமை. சமுதாயத்துக்கு அது சிறுமை. இளைஞனே, பட்டறைக்குள் ஆய்வுக்கூடத்தைக் கொண்டு செல்; பாத்திரத் தொழிலாளியின் மகளை உலோகவியல் வகுப்பில் அமர்த்து. கேள்வி அங்கே பிறக்கட்டும்!