பழவேற்காடு: கோட்டையும் பாடும்

பழவேற்காடு திருவள்ளூர் மாவட்டக் கடலோரத்தில், சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 60 கி.மீ. தொலைவில் உள்ள மீனவர் ஊர். சோழவரம், தச்சூர் கூட்டுச்சாலை, பொன்னேரி வழியாக வரும் சாலை இங்கே முடிந்துவிடுகிறது. அதற்கப்பால் ஏரி, ஏரிக்குள் திட்டுகளும் தீவுகளும், பிறகு கடல். ஏரி என்பது பெயரளவில்தான். உண்மையில் இது உப்பங்கழி. இந்தியாவில் ஒடிசாவின் சிலிக்காவுக்கு அடுத்த பெரிய உப்பங்கழி. இதன் பெரும்பகுதி ஆந்திராவில் உள்ளது. கழியையும் கடலையும் பிரித்து நிற்கும் நீண்ட தீவே ஸ்ரீஹரிகோட்டா.

டச்சுக்காரர் காலம்

போர்த்துக்கீசியர் 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இங்கு வந்துவிட்டனர். 1610இல் விஜயநகர அரசர் இரண்டாம் வேங்கடரின் அனுமதியுடன் டச்சுக்காரர்கள் பண்டகசாலை அமைத்தனர். 1612இல் போர்த்துக்கீசியர் அதைத் தாக்கவே, 1613இல் கெல்ட்ரியா கோட்டை எழுந்தது. அவர்கள் மீனுக்காக வரவில்லை, துணிக்காக வந்தார்கள். கிழக்கிந்தியத் தீவுகளில் கிராம்பும் சாதிக்காயும் வாங்கச் சோழமண்டலத் துணியே நல்ல மாற்றுப்பொருள். கட்டம் போட்ட கைலியை மலாய் மொழியில் இன்றும் 'கைன் பெலிக்கட்' என்கிறார்கள். பெலிக்கட் என்பது இந்த ஊரின் பெயரே. துணியோடு அடிமைகளும் கப்பலேறினர். பஞ்ச காலங்களில் விற்கப்பட்ட மக்கள் அவர்கள். டச்சுக் கல்லறைகளின் சிற்பங்களை வியக்கும் பயணக் குறிப்புகள் இதைப் பெரும்பாலும் சொல்வதில்லை.

1639இல் ஆங்கிலேயர் சென்னையில் கால் ஊன்றினர். 1690இல் டச்சுத் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாறியது. 1825இல் ஊர் ஆங்கிலேயர் வசமானது. கோட்டை இன்று புதர் மண்டிய மேடு. கல்லறைத் தோட்டம் மட்டும் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது.

பாடு

கோட்டையைவிட உறுதியாக நின்றது மீனவர்களின் பாடு முறை. இறால் கடலில் முட்டையிடும்; குஞ்சுகள் முகத்துவாரம் வழியே கழிக்குள் வந்து வளர்ந்து, மீண்டும் கடலுக்குத் திரும்பும். ஆகவே முகத்துவாரத்தை ஒட்டிய இடங்களில்தான் வலைக்கு நல்ல வரும்படி. எல்லோரும் அங்கேயே வலை கட்டினால் அடிதடிதான் மிஞ்சும். அதனால் இடங்களைப் பிரித்து, சீட்டுக் குலுக்கி, முறை வைத்து மீன்பிடிக்கிறார்கள். இன்று நல்ல இடம் கிடைத்தவருக்கு நாளை சுமாரான இடம் வரும்.

இந்த நியாயத்துக்கும் ஓர் எல்லை உண்டு. பாட்டு உரிமை பட்டினவர் குப்பங்களுக்கு உள்ளேயே நிற்கிறது. வலையின்றி, சேற்றில் அமர்ந்து கையால் துழாவி இறால் பிடிக்கும் இருளர்களுக்குக் குலுக்கலில் இடமில்லை. ஏற்றுமதியால் இறாலுக்கு விலை ஏறிய பிறகு, யாருக்குத் தண்ணீர் என்ற கேள்வி இன்னும் கூர்மையாகிவிட்டது. ஊரின் இஸ்லாமியப் பெண்கள் பனையோலைக் கூடை, பெட்டி முடைந்தும் வருவாய் ஈட்டுகிறார்கள்.

முகத்துவாரம்

ஸ்ரீஹரிகோட்டாவில் 1971இல் ராக்கெட் ஏவுதல் தொடங்கியது. அதற்காகத் தீவிலிருந்து வெளியேற்றப்பட்டவர்களில் பலர் பழவேற்காட்டுப் பக்கம் குடியேறினர். ராக்கெட் ஏவும் நாளில் கடலுக்குப் போகக்கூடாது. அன்றைய கூலி போயிற்று. தெற்கே எண்ணூர்த் துறைமுகம் 2001இல் செயல்படத் தொடங்கியது. அடுத்துக் காட்டுப்பள்ளித் துறைமுகமும் வந்தது. அவற்றின் அலைத்தடுப்புச் சுவர்களுக்கு வடக்கே கரை அரிக்கப்படுவதாக மீனவர்கள் முறையிடுகின்றனர்.

அவர்களுக்கு அன்றாடக் கவலை முகத்துவாரம்தான். கோடையில் ஆற்றுநீர் குறையும்போது மணல் சேர்ந்து அது தூர்ந்துவிடும். படகு கடலுக்குப் போக முடியாது. இறால் குஞ்சு கழிக்குள் வர முடியாது. அப்படி அடைபட்ட ஆண்டுகளில் குப்பத்துக்காரர்களே மண்வெட்டியோடு போய் வாயை வெட்டித் திறந்திருக்கிறார்கள்.