வானூர்தி கொண்டுவந்த காத்திருப்பு

1914 மார்ச் 17 அன்று சென்னைத் துறைமுகத்தில் 'நெவாசா' கப்பலேறிய கணித மேதை ராமானுஜன், லண்டனை அடைந்தது ஏப்ரல் 14 அன்று. இருபத்தெட்டு நாட்கள். அவர் இங்கிலாந்தில் வாழ்ந்த ஐந்தாண்டுகளில் வீட்டில் ஒரு சாவு நேர்ந்திருந்தால் தந்தி விரைவாகக் கடல் கடந்திருக்கும். மகனால் கடந்திருக்க முடியாது. சென்னைக்கும் பினாங்கு, சிங்கப்பூருக்கும் இடையே 1973 வரை ஓடிய 'ரஜுலா' கப்பலின் பயணிகளுக்கும் இதே நிலைதான். அருகிலுள்ள மலாயாவிலிருந்து திரும்பவே ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும்.

அக்காலக் குடும்பங்கள் இதற்கென்று ஓர் ஏற்பாட்டை வைத்திருந்தன. பிணத்தை இரவு தாண்டி வைத்திருக்க விரும்பமாட்டார்கள். மூத்த மகன் அக்கரையில் இருந்தால் இளையவனோ பங்காளி முறையில் ஒருவரோ கொள்ளி வைப்பார். தொலைவில் இருந்தவன் செய்தி கேட்ட இடத்திலேயே தலைமுழுகுவான். துக்கத்துக்குக் குறைவில்லை, ஆனால் யாரும் மணிக்கணக்குப் பார்க்கவில்லை. ஊர் அவனை 'வர முடியாதவன்' என்று ஏற்றுக்கொண்டிருந்தது. 'வராதவன்' என்ற பழி அவன்மேல் விழவில்லை. இந்த இரண்டு சொற்களுக்கும் இடையிலுள்ள தூரத்தை அழித்தது வானூர்தி.

1932 அக்டோபரில் கராச்சியிலிருந்து பம்பாய் வரை ஜே.ஆர்.டி. டாடாவும், அங்கிருந்து பெல்லாரி வழியாகச் சென்னை வரை நெவில் வின்சென்டும் ஓட்டிவந்த சிறு விமானம் தபால் மூட்டையைத்தான் சுமந்துவந்தது. அதற்கு முந்தைய ஆண்டில், 1931-இல், கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்ரயில் ஓடத் தொடங்கியிருந்தது. பின்னாளில் தென்புறநகரின் தலைவிதியை எழுதியவை இந்த இரண்டும்தான். ரயில் வசதியை நம்பி அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் குரோம்பேட்டை, சேலையூர், பெருங்களத்தூர், முடிச்சூர் என்று மனை வாங்கி வீடு கட்டினார்கள். அமெரிக்காவின் 1965-ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டமும், எச்-1பி விசாவை உருவாக்கிய 1990-ஆம் ஆண்டுச் சட்டமும் அவ்வீடுகளின் பிள்ளைகளுக்கு வாசல் திறந்தன. மாடியில் ஓர் அறை பூட்டியிருக்க, கீழே இரண்டு முதியவர்கள் வாழும் வீடுகள் பெருகின. தாம்பரத்திலிருந்து நான்காவது நிலையம் திரிசூலம். அதன் எதிரில் விமான நிலையம். பிள்ளையைச் சுமந்துவரும் விமானம் பெற்றவர்களின் ஊருக்கு அவ்வளவு அருகில்தான் இறங்குகிறது.

'வந்துவிடலாம்' என்று ஆனபின், பிணத்துக்கும் காத்திருக்கும் கடமை வந்தது. முதலில் பனிக்கட்டிப் பாளங்கள், பிறகு வாடகைக்குக் கிடைக்கும் ஐஸ்பெட்டி. இன்று புறநகர்ச் சாவு வீட்டில் முதலில் கேட்கப்படும் கேள்வி, 'பையன் எப்ப வர்றான்?' என்பதே. பதில் எளிதன்று. சென்னையை அடைய ஃபிராங்ஃபர்ட், லண்டன், துபாய், தோஹா என ஏதேனும் ஓரிடத்தில் விமானம் மாற வேண்டும். முதல் விமானம் இரண்டு மணி நேரம் தாமதித்தால் அடுத்தது போய்விடும். அதற்கடுத்தது பல சமயம் மறுநாள்தான். பெட்டியருகே அமர்ந்திருப்பவர்களுக்கு இந்தக் கணக்குப் புரிவதில்லை. விமான நிலைய இருக்கையில் விழித்திருப்பவனுக்கு அதைத் தவிர வேறெதுவும் புரிவதில்லை.

தாமதம் வானில் மட்டும் நேர்வதன்று. எச்-1பி விசாவை அமெரிக்காவுக்குள்ளேயே புதுப்பிக்கும் வசதி 2004 ஜூலையில் நிறுத்தப்பட்டது. அதன்பின், முத்திரை காலாவதியான ஒருவர் தகப்பனாரின் காரியத்துக்கு வந்தால், திரும்பிப்போக அண்ணா சாலைத் தூதரகத்தில் நேர்காணலுக்கு நாள் கிடைக்க வேண்டும். புறப்படும்போதே திரும்புதலைப் பற்றி அஞ்ச வேண்டியிருக்கிறது.

வானூர்தி தந்த நம்பிக்கை எவ்வளவு மெல்லியது என்பதை இரண்டு நிகழ்வுகள் காட்டின. 2015 டிசம்பர் 2 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பதிவாயிற்று. ஆதனூர், மணிமங்கலம் ஏரிகளின் உபரிநீரைத் திரட்டிக்கொண்டு முடிச்சூர், வரதராஜபுரம் வழியாக வரும் அடையாறு, திருநீர்மலையருகே செம்பரம்பாக்கத்தின் உபரியையும் சேர்த்துக்கொண்டு, விமான நிலையத்தின் இரண்டாம் ஓடுபாதையைத் தாங்கும் பாலத்தின் அடியில் செல்கிறது. முதியவர்களின் வீட்டுக்குள் புகுந்த அதே ஆறுதான் பிள்ளைகள் வந்திறங்க வேண்டிய ஓடுதளத்தையும் மூழ்கடித்தது. டிசம்பர் 1 இரவு மூடிய நிலையத்தில் பயணிகள் விமானங்கள் மீண்டும் இயங்கத் தொடங்கியது 6-ஆம் தேதி. இடையில் அரக்கோணம் கடற்படைத் தளம் சில உள்நாட்டு விமானங்களுக்கு இடம் தந்தது. மின்சாரமும் தொலைபேசியும் அற்றுப்போன அந்நாட்களில், பெற்றோர் உயிரோடிருக்கிறார்களா என்பதையே கடலுக்கப்பால் இருந்தவர்கள் அறியமுடியவில்லை. கப்பல் காலத்து மகனுக்குத் தந்தியாவது வந்தது.

இரண்டாவது, பெருந்தொற்று. 2020 மார்ச் 22 நள்ளிரவுடன் இந்தியாவுக்கான பன்னாட்டுப் பயணிகள் விமானங்கள் நின்றன. மே 7 முதல் 'வந்தே பாரத்' சிறப்பு விமானங்கள் வந்தாலும், வழக்கமான சேவை திரும்பியது 2022 மார்ச் 27 அன்றுதான். ஊரடங்கு விதிகள் இறுதிச் சடங்கில் இருபது பேரை மட்டுமே அனுமதித்தன. பலர் தாயின் முகத்தைக் கைப்பேசித் திரையில் பார்த்து, இருந்த இடத்திலேயே தலைமுழுகினார்கள். ஒரு நூற்றாண்டு வேகத்துக்குப் பிறகு பழைய வழக்கம் தானாகவே திரும்பி வந்திருந்தது.

ஆனால் பழைய வழக்கத்தோடு கூடவே இருந்த மன்னிப்பு திரும்பவில்லை. கப்பல் காலத்து மகனுக்கு ஊர் தந்த விடுதலை, வானூர்திக் காலத்து மகனுக்குக் கிடைப்பதில்லை. அவன் தனக்குத்தானே அதைக் கொடுத்துக்கொள்வதுமில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும், 2024 நவம்பர் 30 அன்று ஃபெங்கால் புயலின்போதும் விமான நிலையம் மீண்டும் மூடப்பட்டது. இனியும் மூடப்படும்.

பக்கத்தில் இருக்கும் மகளே கொள்ளி வைப்பதைப் பல குடும்பங்கள் இன்று ஏற்கத் தொடங்கியிருக்கின்றன. யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவைக்கும் பெரியவர்களும் இருக்கிறார்கள். நம் முன்னோர் கடலின் அகலத்தை அறிந்து வகுத்த ஏற்பாட்டை, வானின் நிச்சயமின்மையை அறிந்து நாமும் புதிதாக வகுத்துக்கொள்ளலாம். வரும் வழியில் சிக்கிக்கொண்டவனை 'வர முடியாதவன்' என்றே அழைக்கும் பழைய பெருந்தன்மை அதன் முதல் விதியாக இருக்கட்டும்.