தாய்-சேய் நலத்தில் முதுநிலைப் பயிற்சி: யாருக்கு எந்தப் படிப்பு?

புதுதில்லி: நாட்டில் 2019-21 காலகட்டத்தில் நடத்தப்பட்ட 5-வது தேசிய குடும்ப நல ஆய்வின்படி, 88.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவ நிலையங்களில் நிகழ்ந்துள்ளன. முந்தைய ஆய்வில் இது 78.9 சதவீதமாக இருந்தது. ஒரு லட்சம் உயிருடன் பிறப்புகளுக்கு 2014-16-ல் 130 ஆக இருந்த தாய் இறப்பு விகிதம், 2018-20-ல் 97 ஆகக் குறைந்தது. இதனை 2030-க்குள் 70-க்கும் கீழே கொண்டுவருவதே நீடித்த வளர்ச்சி இலக்கு.

கர்ப்பிணிகளில் பெரும்பாலோர் மருத்துவமனைக்கு வந்துவிட்ட நிலையில், அங்கு அவர்களைக் கவனிப்பவரின் திறனே உயிரைக் காக்கும் அடுத்த படியாகிறது. பேறுகால ரத்தப்போக்கு, உயர் ரத்த அழுத்தம், நோய்த்தொற்று ஆகியவை உரிய நேரத்தில் கண்டறியப்பட்டால் பெரும்பாலும் கட்டுப்படுத்தக் கூடியவை. இத்துறையில் உள்ள முதுநிலைப் பயிற்சி வாய்ப்புகள் வருமாறு:

மருத்துவர்களுக்கு

எம்.பி.பி.எஸ். முடித்தோர், முதுநிலை நீட் தேர்வின் வழியாக மகப்பேறு மற்றும் மகளிர் நலவியலில் 3 ஆண்டு எம்.எஸ். அல்லது எம்.டி. பட்டப்படிப்பில் சேரலாம். தேசிய மருத்துவ அறிவியல் தேர்வு வாரியத்தின் டி.என்.பி. படிப்பும் உண்டு. சிறப்பு மருத்துவர் பற்றாக்குறையைக் கருத்தில் கொண்டு, மகப்பேறு, குழந்தை நலம், குடும்ப மருத்துவம் உள்ளிட்ட 8 துறைகளில் 2 ஆண்டு டிப்ளமோ படிப்புகளை அவ்வாரியம் 2020-ல் அறிமுகப்படுத்தியது. மகப்பேறு மருத்துவத்தில் முதுநிலைப் பட்டம் பெற்றோர், கருவுறாமை சிகிச்சையை உள்ளடக்கிய இனப்பெருக்க மருத்துவத்தில் ஃபெல்லோஷிப் பயிற்சி பெறலாம்.

பணியை விட்டு விலக இயலாத எம்.பி.பி.எஸ். மருத்துவர்களுக்கென, தாய்-சேய் நலத்தில் முதுநிலை டிப்ளமோ படிப்பை இந்திரா காந்தி தேசிய திறந்தநிலைப் பல்கலைக்கழகம் வகுத்தது.

செவிலியர்களுக்கு

இயல்பான பிரசவங்களைத் தாமே பொறுப்பேற்று நடத்தும் பேறுகாலச் செவிலியர்களை உருவாக்கும் திட்டத்தை மத்திய அரசு 2018 டிசம்பரில் அறிவித்தது. பொது செவிலியம் மற்றும் பேறுகாலப் பராமரிப்பு டிப்ளமோ அல்லது பி.எஸ்சி. நர்சிங் முடித்து, பிரசவம் பார்ப்பதில் அனுபவம் பெற்ற பதிவுபெற்ற செவிலியர்களுக்கான இப்பயிற்சியின் காலம் 18 மாதங்கள். சிக்கலற்ற பிரசவங்களை இவர்கள் கவனித்துக்கொண்டால், அறுவை சிகிச்சை தேவைப்படும் தாய்மார்களுக்கு மருத்துவரின் நேரம் கிடைக்கும். மகப்பேறு செவிலியத்தில் 2 ஆண்டு எம்.எஸ்சி. பட்டப்படிப்பும் உள்ளது.

பிற பட்டதாரிகளுக்கு

குடும்ப நலம் என்பது பிரசவ அறையோடு முடிவதில்லை. கருத்தடை முறைகளின் பயன்பாடு, இளவயதுத் திருமணம், பிறப்பு-இறப்புப் போக்கு ஆகியவற்றை ஆராய்வோரும் இத்துறைக்குத் தேவை. 1956-ல் தொடங்கப்பட்டு, 1985-ல் நிகர்நிலைப் பல்கலைக்கழகத் தகுதி பெற்ற மும்பை சர்வதேச மக்கள்தொகை அறிவியல் நிறுவனம், மக்கள்தொகை ஆய்வில் முதுநிலை மற்றும் முனைவர் பட்டப் படிப்புகளை வழங்குகிறது.

திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரைத் திருநாள் நிறுவனத்தின் அச்சுத மேனன் மையம், பொது சுகாதாரத்தில் முதுநிலைப் பட்டம் அளிக்கிறது. 1977-ல் உருவான புதுதில்லி தேசிய சுகாதார மற்றும் குடும்ப நல நிறுவனத்தில், மருத்துவர்களுக்கான சமுதாய சுகாதார நிர்வாக எம்.டி. படிப்புடன் பொது சுகாதார மேலாண்மையில் முதுநிலை டிப்ளமோவும் உண்டு. ஆய்வக ஆராய்ச்சியில் ஆர்வமுள்ள உயிர் அறிவியல் பட்டதாரிகள், மும்பையில் உள்ள இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் இனப்பெருக்க மற்றும் குழந்தை நல ஆராய்ச்சி நிறுவனத்தில் முனைவர் பட்ட ஆய்வு மேற்கொள்ளலாம்.

சேருமுன் கவனிக்க வேண்டியவை

மருத்துவப் படிப்புகளுக்குத் தேசிய மருத்துவ ஆணையம் அல்லது தேசிய மருத்துவ அறிவியல் தேர்வு வாரியத்தின் அங்கீகாரமும், செவிலியப் படிப்புகளுக்குச் செவிலிய ஒழுங்குமுறை அமைப்பின் அங்கீகாரமும் உள்ளனவா என்பதை உறுதி செய்துகொள்வது அவசியம். பொது சுகாதாரப் பட்டம் திட்டமிடல், ஆய்வு, நிர்வாகப் பணிகளுக்கானது. நோயாளிகளுக்குச் சிகிச்சை அளிக்கும் உரிமையை அது தராது. இடங்களின் எண்ணிக்கை, கட்டணம், நுழைவுத் தேர்வு முறை ஆகியவை ஆண்டுதோறும் மாறக்கூடியவை என்பதால், அந்தந்த நிறுவனத்தின் நடப்பாண்டு அறிவிக்கையைப் பார்த்த பின்னரே விண்ணப்பிக்க வேண்டும்.