தாலாட்டில் வரும் தாய்மாமன்

தால் என்பது நாவைக் குறிக்கும் சொல். நாவசைத்துப் பாடிக் குழந்தையை உறங்கவைப்பதே தாலாட்டு. ஏடறியாத தாய்மார் பாடிய இப்பாட்டைப் புலவர்களும் விரும்பி ஏற்றனர். 9ஆம் நூற்றாண்டில் பெரியாழ்வார் யசோதையின் நிலையில் நின்று கண்ணனைத் தாலாட்டினார். அவனுடன் விளையாட வானத்து நிலவையும் அழைத்தார். 12ஆம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் இரண்டாம் குலோத்துங்கன்மீது பிள்ளைத்தமிழ் பாடினார். அவ்விலக்கிய வகையில் தாலும் அம்புலியும் தனித்தனிப் பருவங்கள்.

புலவர் பாட்டில் தலைமை பெறுபவர் பெரும்பாலும் தெய்வமோ மன்னரோ ஆவர். நாட்டுப்புறத் தாலாட்டிலோ சுற்றத்தாருக்கே ஏற்றம். அழும் பிள்ளையை அடித்தவர் யார் என்று தாய் கேட்பாள். பாட்டி, அத்தை, மாமன் என உறவினர் வரிசையாக வருவர். அடித்த கோலும் பூச்செண்டாகவே இருக்கும்! சீர் சுமந்து வரும் தாய்மாமனுக்கு அங்கே தனிச் சிறப்பு. பிள்ளை அவரைக் காணுமுன்னே அவர் பெருமையைக் கேட்டுவிடும்.

இக்குடியிருப்பில் நாமும் தூளி கட்டுகிறோம்; பாடுவது மட்டும் கைப்பேசி. சென்ற கோடை விடுமுறையில் ஊர் நிலையத்தில் இறங்கினோம். மைத்துனர் ஓடிவந்து என் இளைய மகனைத் தூக்கினார். "அம்மா, இவர் யார்?" என்றான் அவன். என் இல்லாள் தலை கவிழ்ந்தாள்.