மூடிக்குப் பின்னால் ஒரு பொத்தான்

மாமாவின் அக்குவா காரில் கியருக்குக் கிட்ட 'ஈ.வி.' எண்டு எழுதின ஒரு சின்னப் பொத்தான் இருக்கு. இரவு ஹயர் முடிஞ்சு பிந்தி வரேக்க, ஒழுங்கை முடக்கில் வைத்து அவர் அதை அமத்துவார். எஞ்சின் சத்தமே இல்லாமல் கார் வழுக்கிக்கொண்டு வந்து கேற்றடியில் நிற்கும். "பாத்தியே பிள்ளை, நாய் கூட எழும்பேல்லை" எண்டு அதில் அவருக்கு ஒரு பெருமை.

அந்தப் பொத்தானுக்கு ஒரு வரலாறு இருக்கு எண்டு எனக்குக் கொஞ்ச நாளைக்கு முதல்தான் தெரியவந்தது. கலைப்பீடத்தில் நாங்கள் படிக்கிற வரலாற்றில் கல்வெட்டு வரும், ஒப்பந்தம் வரும், கிளர்ச்சி வரும். விரல் நுனியளவு பிளாஸ்ரிக் துண்டு ஒன்று வராது. ஆனால் யாருடைய பொருளில் யார் முடிவெடுப்பது என்ற கேள்வி, நான் படித்த சில ஒப்பந்தங்களை விட இந்தத் துண்டில் தெளிவாகத் தெரிகிறது.

2003 செப்டெம்பரில் ரொயோட்டா தன் இரண்டாம் தலைமுறை பிரியஸை ஜப்பானில் விற்கத் தொடங்கியது. பெற்றோல் எஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்து இழுக்கிற கார். எப்போது எது இழுக்க வேண்டும் என்பதை உள்ளே இருக்கிற கணினி தீர்மானிக்கும். ஜப்பானிய மொடலில் ஓட்டுநருக்கு ஒரு சின்ன உரிமை கொடுத்திருந்தார்கள். டாஷ்போர்டில் இருந்த ஈ.வி. பொத்தானை அமத்தினால் கொஞ்சத் தூரத்துக்கு பற்றறியில் மட்டும் ஓடலாம். நெருக்கமான குடியிருப்புகளுக்குள் நடுச்சாமத்தில் சத்தமில்லாமல் வீடு திரும்பத்தான் அது. மாமாவின் பாவனையும் ரொயோட்டாவின் நோக்கமும் ஒன்றேதான்.

அடுத்த மாதமே அதே கார் அமெரிக்காவுக்குப் போனது. அங்கே அந்தப் பொத்தான் இருக்கவில்லை. அது இருக்கவேண்டிய இடத்தை ஒரு வெற்றுப் பிளாஸ்ரிக் மூடி மறைத்திருந்தது.

இந்த மூடிகளை நீங்களும் கண்டிருப்பீர்கள். விலை குறைந்த மொடல் காரில் ஏறினால், ஏசி பனலுக்குப் பக்கத்தில் எழுத்தில்லாத, அமத்த முடியாத இரண்டு மூன்று 'பொய்ப் பொத்தான்கள்' இருக்கும். 1920களில் ஜெனரல் மோட்டர்ஸின் தலைவர் அல்பிரட் ஸ்லோன், ஒவ்வொருவருடைய பணப்பைக்கும் ஏற்றபடி ஒவ்வொரு கார் எண்டு ஒரு படிக்கட்டை உருவாக்கினார். கீழ்ப்படியில் நிற்கிறவனுக்கு மேல்படி கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கவேண்டும் என்பதுதான் அதன் சூட்சுமம். அந்தப் படிக்கட்டின் மிச்சம்தான் இந்த வெற்று மூடிகள். ஆனால் ஒரு விசயம், அவற்றுக்குப் பின்னால் பெரும்பாலும் உண்மையிலேயே ஒன்றும் இருக்காது. காசு குடுக்கேல்லை, சாமானும் இல்லை. கணக்கு நேர்.

அமெரிக்க பிரியஸில் கணக்கு நேராக இருக்கவில்லை. 2004இல் அங்கத்தைய உரிமையாளர் சிலர் தங்கள் காரையும் ஜப்பானியக் காரையும் ஒப்பிட்டுத் தேடினார்கள். காரை ஆள்கிற அந்தக் கணினியில் ஈ.வி. பொத்தானுக்கான இணைப்பு முனை அமெரிக்கக் காரிலும் அப்படியே இருந்தது. அதில் வயர் மட்டும் இல்லை. அந்த முனையிலிருந்து ஒரு வயரை இழுத்து, அழைப்புமணி சுவிச் மாதிரி அமத்திவிட்டால் திரும்பி வருகிற ஒரு சுவிச்சில் கொடுத்து, மற்ற முனையை எர்த் பண்ணினார்கள். அவ்வளவுதான். கார் மின்சாரத்தில் போகத் தொடங்கியது. புதிதாக ஒரு வரி நிரல் கூட எழுதவில்லை. செய்யத் தெரிந்த ஒரு வேலையைச் செய்யச் சொல்ல ஆளில்லாமல்தான் கார் அதுவரை ஓடிக்கொண்டு இருந்திருக்கிறது.

அந்தப் பொத்தான் பெரிய அதிகாரம் ஒன்றும் தராது. அது ஒரு விண்ணப்பம் மாதிரித்தான். பற்றறி குறைவாக இருந்தால் கணினி மறுத்துவிடும். வேகம் மணிக்கு 55 கிலோமீற்றரைத் தாண்டினாலோ காலை அழுத்தி வைத்தாலோ எஞ்சின் தானாக எழும்பிவிடும். பற்றறியின் முழுக் கொள்ளளவே 1.3 கிலோவாட் மணி, அதிலும் ஒரு பகுதியைத்தான் பாவிக்க விடும். எல்லாம் சரியாக அமைந்தால் இரண்டு கிலோமீற்றருக்கு உள்ளே ஒரு ஓட்டம்.

இந்தக் கொஞ்ச ஓட்டமும் சாத்தியமானதுக்கு ஏசியும் ஒரு காரணம். முதலாம் தலைமுறை பிரியஸில் ஏசி கொம்பிரசரை எஞ்சின்தான் பெல்ட் போட்டுச் சுற்றியது. குளிர் கூட வேண்டுமென்றால் கார் நிற்கிறபோதும் எஞ்சின் ஓடவேண்டும். இரண்டாம் தலைமுறையில் கொம்பிரசரையே மின்சாரத்தில் ஓடப் பண்ணினார்கள். கொழும்பு வெயிலில், டிரபிக்கில், எஞ்சின் நிற்க ஏசி மட்டும் குளிரக் குளிர அடிக்கிற ஹைபிரிட் காரில் இருந்தவர்களுக்கு இது புரியும். சூட்டுக்கு இந்தச் சலுகை இல்லை. ஹீற்றருக்கான வெப்பம் எஞ்சினைச் சுற்றி ஓடுகிற தண்ணீரிலிருந்துதான் வருகிறது. ஆகவே பனிக்காலத்தில் ஹீற்றரைக் கூட்டினால் எஞ்சின் விழித்துவிடும், ஈ.வி. ஓட்டமும் முடிந்துவிடும். ஏசி பனலும் இந்தப் பொத்தானும் உள்ளுக்குள் இப்படிப் பேரம் பேசிக்கொண்டுதான் இருக்கின்றன.

ஏன் மறைத்தார்கள்? பரவலாகச் சொல்லப்பட்ட காரணங்கள் இரண்டு. ஒன்று, அமெரிக்கப் புகைப் பரிசோதனை விதிகள். மற்றது பற்றறி உத்தரவாதம். கலிபோர்னியா விதிகளின் கீழ் அந்தப் பற்றறிக்கு 10 வருடம் அல்லது 150,000 மைல் உத்தரவாதம் கொடுக்கவேண்டி இருந்தது. ஓட்டுநர் நினைத்த நேரமெல்லாம் பற்றறியை வடிக்க விட்டால் அந்தச் செலவு யார் தலையில்? கம்பனியின் பக்கமிருந்து பார்த்தால் நியாயமான பயம்தான். அதோடு இன்னொரு விசயமும் இருந்தது. பிரியஸை ரொயோட்டா விற்றதே "வயரில் செருகத் தேவையில்லை" என்று சொல்லித்தான். மின்சாரக் கார் என்ற நினைப்பே வாங்குகிற ஆளுக்கு வரக்கூடாது.

ஆனால் அந்த நேரத்துக் கலிபோர்னியாவில் அந்த நினைப்பு ஏற்கனவே ஒரு காயமாக இருந்தது. ஜெனரல் மோட்டர்ஸ் 1996 முதல் ஈ.வி.1 என்ற மின்சாரக் காரை அங்கே வாடகை ஒப்பந்தத்தில் மட்டும் கொடுத்து வந்தது. ஆயிரத்துச் சொச்சம் கார்கள். பிறகு திட்டத்தை நிறுத்தி எல்லாவற்றையும் திரும்ப எடுத்தது. விலைக்குத் தாருங்கள் என்று ஆட்கள் கெஞ்சியும் கொடுக்கவில்லை. பெரும்பாலானவற்றை நசுக்கித் தள்ளியது. தாங்கள் ஓட்டின கார் நசுங்கிக் கிடக்கிறதைப் பார்த்த ஊரில்தான், இன்னொரு காரின் பிளாஸ்ரிக் மூடிக்குப் பின்னால் அதே 'ஈ.வி.' ஒளிந்திருப்பதைக் கண்டுபிடித்தார்கள். அவர்களுடைய உற்சாகத்தை வெறும் மெக்கானிக் குறும்பு என்று எடுத்தால் பிழை.

கல்கார்ஸ் என்ற சிறிய கலிபோர்னியக் குழு அங்கிருந்து ஒரு படி மேலே போனது. அதைத் தொடங்கியவர் பீலிக்ஸ் கிரேமர், தொழில்நுட்பத்தைப் பார்த்தவர் ரொன் கிரெம்பன். 2004இல் அவர்கள் ஒரு பிரியஸின் பின்பக்கத்தில் மேலதிகமாக ஈய அமில பற்றறிகளை அடுக்கி, வீட்டு பிளக்கில் சார்ஜ் பண்ணி, ஈ.வி. பொத்தானின் வழியால் அதை ஓட வைத்தார்கள். பற்றறி எப்போதும் நிறைவாக இருக்கிறது என்று கணினியை நம்பவைப்பதுதான் பெரிய வேலையாக இருந்தது. இரண்டு கிலோமீற்றர் விண்ணப்பம் ஒரு ஆளின் தினசரிப் பயணத்தின் பெரும்பகுதியாக வளர்ந்தது.

இதிலிருந்துதான் பிளக்-இன் ஹைபிரிட் பிறந்தது என்று எழுத ஆசையாக இருக்கு. எழுதினால் பொய். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் பேராசிரியர் அன்டி பிராங்க், தன் மாணவர்களோடு 1990களிலேயே அப்படியான கார்களைக் கட்டிக்கொண்டிருந்தார். என் வயதுப் பெடியள்தான் அவற்றைக் கட்டினவை. ஆனால் ஆய்வுகூடத்து வண்டி வேறு, கடையில் விற்கிற காரே அதைச் செய்யும் என்று காட்டுவது வேறு. "ஆட்களுக்குச் செருக விருப்பமில்லை" என்ற வாதம் இதற்குப் பிறகு செல்லவில்லை. 2007 ஜனவரியில் ஜெனரல் மோட்டர்ஸ் வோல்ட் மாதிரிக் காரைக் காட்டியது. அதே வருடம் ரொயோட்டாவும் பிளக்-இன் பிரியஸைச் சோதிப்பதாக அறிவித்தது. 2008 டிசம்பரில் சீனாவின் பி.வை.டி. முந்திக்கொண்டு ஒன்றை விற்பனைக்கு விட்டது. 2012இல் பிளக்-இன் பிரியஸ் சந்தைக்கு வந்தது. செருகத் தேவையில்லை என்ற கம்பனி செருகிற வயரோடேயே காரை விற்றது.

மூடியும் போய்விட்டது. 2009இல் வந்த மூன்றாம் தலைமுறை பிரியஸில் அமெரிக்காவுக்கும் ஈ.வி. பொத்தான் கொடுத்தார்கள். இதில் ஒரு பகிடி, அந்தப் பொத்தானால் பெற்றோல் மிச்சப்படுவதில்லை. வடித்த பற்றறியை நிரப்ப எஞ்சின் பிறகு கூடுதலாக ஓடவேண்டும். மாமாவிடம் இதைச் சொன்னேன். "அது தெரியும். ஆனா அமத்துறது நானெல்லே?" எண்டார். 2004இல் வயர் இழுத்தவர்களும் இதைத்தான் சொல்லியிருப்பார்கள் என்று எனக்குப் படுகிறது.

எங்கட வீடுகளில் இந்தக் கதையைச் சொன்னால் உடனே தொண்ணூறுகளுக்குப் போய்விடுவார்கள். பொருளாதாரத் தடை நேரம், பெற்றோலைச் சொட்டுச் சொட்டாக விட்டு ஸ்டார்ட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் ஓடின ஒஸ்ரின், மொறிஸ் கார்கள். அந்தக் கெட்டித்தனம் இதைவிடப் பெரியது. ஆனால் இரண்டும் ஒன்றல்ல. எங்கட ஆட்கள் காரில் இல்லாத ஒன்றைச் செய்யவைத்தார்கள். அந்தக் காரில் எந்தக் கம்பனியும் எதையும் ஒளித்து வைத்திருக்கவில்லை.

ஒளிப்பது பிறகு இன்னும் லேசாகிவிட்டது. பிரியஸின் மூடி ஒருவகையில் நேர்மையானது. இங்கே ஏதோ இருந்திருக்கவேண்டும் என்று அது காட்டிக்கொடுத்தது. இப்போது மூடியே தேவையில்லை. 2016இல் டெஸ்லா, 75 கிலோவாட் மணி பற்றறி கொண்ட சில கார்களை மென்பொருளால் 60ஆகக் குறைத்துக் குறைந்த விலைக்கு விற்றது. 2017 செப்டெம்பரில் இர்மா புயல் புளோரிடாவை நெருங்கியபோது, தப்பி ஓடுகிறவர்களுக்காக அந்தப் பூட்டைத் தூரத்திலிருந்தே தற்காலிகமாகத் திறந்துவிட்டது. நல்ல காரியம்தான். ஆனால் அவர்கள் அதுவரை சுமந்து திரிந்த மிச்சப் பற்றறி யாருடையது? 2022இல் பி.எம்.டபிள்யூ சில நாடுகளில், காரில் ஏற்கனவே பூட்டியிருக்கிற சீற் ஹீற்றருக்கு மாதக் கட்டணம் கேட்டது. பலத்த எதிர்ப்புக்குப் பிறகு அடுத்த வருடம் கைவிட்டது. இங்கே வயர் இழுத்து வேலையில்லை. பூட்டு நிரலில் இருக்கிறது. அமெரிக்காவின் 1998ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் அப்படியான பூட்டை உடைப்பதையே குற்றமாக்கியிருந்தது. தன் சொந்தக் காரின் மென்பொருளைத் திருத்த ஒருவருக்கு விலக்குக் கிடைக்க 2015 வரை ஆனது.

எங்களிடம் வருகிற கார்களில் பெரும்பகுதி ஜப்பானில் ஓடி முடித்தவை. 2020இல் இறக்குமதி நிறுத்தப்பட்ட பிறகு, 2025இல் திரும்பத் திறக்கும்வரை, இருக்கிறதையே திருத்தித் திருத்தி ஓடவேண்டி இருந்தது. ஹைபிரிட் பற்றறியைக் கழற்றி, பழுதான செல்லை மட்டும் மாற்றித் தருகிற கராஜ்கள் இங்கே இருக்கின்றன. மாமாவின் காரும் அப்படி ஒருக்கா பிழைத்ததுதான்.

அந்தக் கார் ஒவ்வொரு நாளும் ஸ்டார்ட் பண்ணினவுடனே ஜப்பானிய மொழியில் ஒரு பெண் குரலில் ஏதோ சொல்லும். வணக்கம் சொல்லுது எண்டுதான் மாமா இவ்வளவு காலமும் நினைத்திருந்தார். தேடிப் பார்த்தேன். ஜப்பானிய நெடுஞ்சாலைகளில் கட்டணம் எடுக்கிற கருவி அது. 'அட்டை செருகப்படவில்லை' எண்டு சொல்லுது. கழற்றிவிடுவமோ எண்டு கேட்டேன். கொஞ்ச நேரம் யோசிச்சார்.

"கிடக்கட்டும். அந்த மூடியைத்தான் ஒருக்காக் கழட்டிப் பாப்பம்" எண்டு, ஸ்ரேறிங்குக்குப் பக்கத்தில் எழுத்தில்லாமல் கிடந்த ஒன்றைத் தட்டிக்காட்டினார்.