ரேவல்சின்னியும் ஒரு ஹாஜியும்

நாட்டு மருந்துக் கடையில் ரேவல்சின்னி என்று கேட்டால், மஞ்சள் நிறமுடைய கசப்பான உலர்ந்த கிழங்குத் துண்டு ஒன்றை எடுத்துத் தருவர். மலச்சிக்கலுக்கு அது பழகிய மருந்து. ஆனால் அப்பெயர் தமிழ்ச் சொல்லன்று. பாரசீகர் அதனை 'ராவந்தே சீனி' என்பர். சீனத்து ராவந்து என்பது பொருள். (நாம் சர்க்கரையைச் சீனி என்பதும் அந்தச் சீனத்தை ஒட்டியதுதான்.) ஆங்கிலேயர் அதனை ரூபார்ப் என்பர். கி.பி. 1037இல் மறைந்த இப்னு சீனா தம் மருத்துவப் பேரேடான 'அல்கானூன்' நூலில் ராவந்தைக் குறிப்பிட்டுள்ளார்.

கிழங்கு விளைந்ததோ சீனத்தின் மேற்கு மலைகளில். அதனை அங்கிருந்து மேற்கே கொணர்ந்தோரில் நம் வணிகர்கள் பலர். அவர்களுள் ஒருவரின் வாய்மொழி இன்றும் எழுத்தில் உள்ளது. காஸ்பியன் கடலோரத்து கீலான் நாட்டைச் சேர்ந்த ஹாஜி முஹம்மது, 16ஆம் நூற்றாண்டின் நடுவில் பெருமளவு ராவந்துடன் வெனிஸ் நகருக்கு வந்தார். பயண நூல்களைத் தொகுத்துவந்த ரமுஸியோ என்னும் அறிஞர் அவரை முரானோ தீவில் விருந்துக்கு அழைத்தார். அரபும் பாரசீகமும் துருக்கியும் அறிந்த ஒருவர் மொழிபெயர்க்க, உணவு முடிந்தபின் ஹாஜி பேசலானார். ராவந்துச் செடியின் படத்தையும் எடுத்துக் காட்டினார். தோண்டிய கிழங்கைத் துண்டுகளாக்கி, சாறு வீணாகாதபடி மேசைமேல் பரப்பி நாள்தோறும் புரட்டிவிட்டு, பின்னர் கயிற்றில் கோத்து, வெயில் படாமல் காற்றில் உலர்த்துவர் என்றார். தாமே நேரில் சென்று கண்டதை அவர் உரைத்தார். 

அன்று அவர் மற்றொன்றும் சொன்னார். சீனர் 'சாய்' என்றோர் இலையைக் கொதிக்கவைத்துப் பருகுவர். அதன் அருமை பாரசீகரும் ஐரோப்பியரும் அறிந்தால் வணிகர்கள் ராவந்து வாங்குவதையே விட்டுவிடுவர் என்பது அந்நாட்டார் பேச்சு என்றார். ஐரோப்பிய நூல்களில் தேநீரைப் பற்றி வந்த முதற்குறிப்பு இதுவே என்பர். 1559இல் ரமுஸியோவின் நூலில் அது அச்சேறியது. ஆயினும் ராவந்து வணிகம் அழியவில்லை. 1839இல் சீன அதிகாரி லின் செ சூ, விக்டோரியா மகாராணிக்கு எழுதிய மடலில் தேயிலையையும் ராவந்தையும் சேர்த்தே, அவையின்றி அயல்நாட்டார் வாழவியலாது என்றார். துருக்கித் துறைமுகங்கள் வழியே வந்ததால் ஐரோப்பியர் அதனைத் துருக்கி ரூபார்ப் என்றழைத்தது வேறொரு வேடிக்கை. அங்கே அது விளையவே இல்லை.

இதுவரை சொன்னது கிழங்கின் கதை. தண்டின் கதை வேறு. ஈரானிலும் ஆப்கானிஸ்தானிலும் மலைச்சரிவுகளில் வளரும் இதன் உறவுச் செடியை ரீவாஸ் என்றும் ராவாஷ் என்றும் அழைப்பர். காபூலின் ராவாஷ் மிக நன்று எனப் பாபர் தம் நினைவுக் குறிப்பில் பாராட்டுகிறார். குளிர்காலம் கழிந்து முளைக்கும் தண்டின்மேல் ஒளி படாதவாறு கற்களைக் குவித்து வைத்தால், அது வெளிறி மென்மையாக நிற்கும். தோலுரித்து உப்பைத் தொட்டுப் பச்சையாகவே உண்பர். ஈரானியரின் ரீவாஸ் ஆணமோ தனிச்சுவை. ஆட்டிறைச்சியை வெங்காயத்துடன் வேகவிட்டு, பொடியாக நறுக்கி வதக்கிய புதினாவையும் பார்ஸ்லி என்னும் கீரையையும் சேர்ப்பர். தண்டுத் துண்டுகளை இறக்குவதற்குச் சற்று முன்னரே இடவேண்டும். முன்கூட்டி இட்டால் கரைந்துவிடும். நம் ஆணத்தில் புளி செய்யும் வேலையை அங்கே அத்தண்டு செய்கிறது. சோற்றோடு உண்பர்.

ஐரோப்பாவில் தண்டு பரவலாகச் சமையலறை புகுந்தது, 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிக்குப் பின் சர்க்கரை மலிந்த பிறகுதான். அத்தனை புளிப்பு அது. வெளிநாட்டில் வாழும் நம் குடும்பத்தார் இன்று அதனைக் கடையில் காணக்கூடும். வாங்குவோர் தண்டை மட்டும் சமைக்கட்டும். அகன்ற பச்சை இலையில் ஆக்சாலிக் அமிலம் மிகுதி, அது நஞ்சு. முதல் உலகப் போர்க்காலத்தில் இங்கிலாந்தில் கீரை என்று அதனை உண்டு உயிரிழந்தோரும் உண்டு.